பின்வாசல் கேமரா

கால்வாய்ப் பக்கமிருந்து காற்று வீசினால் எங்கள் பாட்டில் கிடங்கு ஊதத் தொடங்கும். கழுவாத பாட்டில்கள் வாய் திறந்தபடி பெட்டிகளில் நிற்கும். காற்று ஒவ்வொரு வாயிலும் நுழைந்து ஒவ்வொரு குரலில் வெளியே வரும். மருந்துப் பாட்டில் விசிலடிக்கும். எண்ணெய் ஜாடி வயிற்றுவலிக்காரன்போல முனகும். புதிதாக வருகிறவர்கள் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். என் அக்கா திரும்ப மாட்டாள். "கூப்பிட்டா கூப்பிடட்டும், நாம பதில் சொல்லாம இருந்தா சரி" என்பாள்.

கிடங்கு அத்தானுடையது. தெருவைப் பார்த்து வீடு. வீட்டுக்குப் பின்னால் ஒல்லியாக நீண்டுகொண்டே போகும் முற்றம். முதலில் கழுவும் தொட்டிகள், பிறகு நிறம் பிரித்து அடுக்கிய பெட்டிகள், கடைசியில் ஒரு தகரக் கேட். கேட்டுக்கு வெளியே கால்வாயோரச் சந்து. சந்து போய் முட்டும் இடம் லாரிகள் ஓடும் பெரிய ரோடு. நான் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை பார்த்தவன். அச்சகம் மூடியபின் அக்கா வீட்டு மாடி அறைக்கு வந்துவிட்டேன். சாப்பாடு கீழே, அவர்களோடு. என் தலை நரைத்த பிறகும் அத்தானுக்கு நான் 'மாப்ள'தான்.

அக்கா தள்ளுவண்டியோடு கடை கடையாகப் போய்க் காலி பாட்டில் வாங்கி வருவாள். இருட்டும் நேரத்துக்குச் சந்து வழியாகத் திரும்புவாள். கேட்டுக்கு உள்ளே அத்தான் ஒரு நாற்காலியில் காத்திருப்பார். வண்டி தூரத்தில் வரும்போதே பாட்டில்கள் உரசும் சத்தம் கேட்கும். "இன்னிக்குப் பச்சை அதிகம்" என்பார், பார்க்காமலேயே. கொண்டியைத் தூக்கி வண்டியை உள்ளே விடுவார். இன்னொரு நாற்காலியில் அக்கா உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் காலை நீட்டுவாள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு டீயைப் பங்கு போட்டுக் குடிப்பார்கள். அந்த நேரத்தில் நாங்கள் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. யாரும் சொல்லி வந்த பழக்கமில்லை அது.

அக்காவைப் பற்றி இன்னொன்று. அவளுக்குப் போட்டோ ஆகாது. யாராவது கேமராவைத் தூக்கினால் கையால் முகத்தை மூடுவாள், இல்லையென்றால் திரும்பிக்கொள்வாள். மகன் கல்யாணத்தில் எடுத்த குடும்பப் படத்தில் எல்லோரும் சிரிக்கிறோம், அவள் மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு எதையோ தேடுகிறாள். அத்தான் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "நான் கட்டிக்கிட்டது ஒரு முதுகை மாப்ள. முகம் எப்படியிருக்கும்னு எனக்கே சந்தேகம்." மழைக்காலக் காய்ச்சலில் அவள் போனபோது சுவரில் மாட்ட ஒரு நல்ல படம் கிடைக்கவில்லை. பாதி முகம் தெரிகிற ஒன்றைப் பெரிதாக்கி மாட்டினோம்.

அதற்குப் பிறகுதான் அத்தானுக்கு நினைவு கழன்றது. காலையில் ஒரு குறையும் இருக்காது. தொட்டியோரம் உட்கார்ந்து பாட்டிலை விரல் நகத்தால் சுண்டி, சத்தத்தை வைத்தே கீறல் விழுந்ததை ஒதுக்கிவிடுவார். மதியம் தாண்டினால் மந்தம். வெளிச்சம் மங்க மங்க அவருக்குள் வேறொருவர் எழுந்து உட்காருவார். கேட்டைத் திறந்துகொண்டு நடப்பார். அக்கா வரத் தாமதமாகிறதாம், எதிரே போய்ப் பார்க்கிறாராம். ஒரு தடவை பெரிய ரோட்டின் நடுவில் உட்கார்ந்துவிட்டார். லாரி டிரைவர் ஒருவர் இறங்கி, கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டுவிட்டு, "பெரியவரைப் பாத்துக்கங்க, எல்லா வண்டியும் பிரேக் பிடிக்காது" என்று சொல்லிப் போனார். பூட்டுப் போட்டோம். அத்தான் கேட்டைக் கீலோடு தூக்கிக் கழற்றிச் சாய்த்து வைத்துவிட்டுப் போனார். இந்த வயதிலும் பெட்டி தூக்கிய கை அது.

"கேமரா வச்சிடலாம்" என்றான் அக்கா மகன். "சமையல்கட்டுல ஒரு டிவி. இவ சமைச்சுக்கிட்டே பாத்துப்பா."

"ஆமா, எனக்குத்தான் நாலு கண்ணு" என்றாள் அவன் மனைவி. ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. மாமனாரை அவள் அதட்டுவாள். அவர் சாப்பிடாமல் அவளும் சாப்பிட மாட்டாள்.

அவன் மலிவாக ஒரு கேமரா வாங்கி வந்தான். பொருத்த வந்த கேமராக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணே, இது கேபிள்லயே கரண்ட் எடுத்துக்கிற ஜாதி இல்லையே. இதுக்குத் தனியா பிளக் வேணும். கேட்டுகிட்ட பிளக் இருக்கா?"

"அங்க எங்க பிளக்? கரண்டே கிடையாது."

"இழுத்துடலாமா?"

"கூடாது" என்றாள் மருமகள். "முற்றம் பூரா தண்ணி. போன வருஷம் மோட்டார் ஒயர்ல அடி வாங்கினது நான். இன்னும் இந்த விரல் மரத்துக் கிடக்கு."

கேமராக்காரர் தொட்டியோரம் உட்கார்ந்து நீலக் கேபிள் ஒன்றின் தோலைச் சீவினார். உள்ளே மெல்லிய ஒயர்கள், ஜோடி ஜோடியாக முறுக்கிக்கொண்டு.

"பாருங்க சார்" என்றார் என்னிடம். நான் வேடிக்கை பார்க்கிறவன் என்று எல்லோருக்கும் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். "இதுல எட்டு ஒயர். படத்தைக் கொண்டுவர்றதுக்கு நாலு போதும். மிச்ச நாலும் கல்யாண வீட்டுக்கு வந்த மச்சினன் மாதிரி, வேலையும் செய்யாது, இடத்தையும் விடாது."

"நான் இந்த வீட்டு மச்சினன்தான்" என்றேன்.

"ஐயையோ. அப்ப நீங்க உழைக்கிற நாலுல ஒண்ணு சார்." மருமகள் சமையல்கட்டில் சிரிப்பது கேட்டது. "இந்தச் சும்மா இருக்கிற நாலுலயும் கரண்ட்டை ஏத்திடுறேன். நீலம் ரெண்டும் போக, பழுப்பு ரெண்டும் வர. பன்னெண்டு வோல்ட்தான், ஈரக்கையால தொட்டாலும் ஒண்ணும் செய்யாது. வீட்டுல ஏத்துறோம், கேட்டுல இறக்கிக்கிறோம். ஒரே கேபிள்ல படமும் வரும், கரண்ட்டும் போகும்."

சொன்னபடி செய்தார். வேலியோரமாகக் கேபிளைக் கட்டிக்கொண்டே போய்க் கேட்டுத் தூணின் மேல் கேமராவை உட்கார வைத்தார். அடுப்புக்கு எதிரே டிவியில் தகரக் கேட்டும் இரண்டு நாற்காலிகளும் வந்தன. அத்தான் கேமராவுக்கு நேர் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தார். டிவியில் அவர் முகம் பெரிதாக, சந்தேகத்தோடு எங்களைப் பார்த்தது.

"யாருடா அது மேல?"

"கேமராப்பா."

"உங்கம்மாவுக்கு ஆகாதேடா" என்றார்.

பகலில் படம் துல்லியமாக இருந்தது. பூனை நடந்தால்கூடத் தெரிந்தது. இருட்டத் தொடங்கியதும் கோளாறு ஆரம்பித்தது. கேமராவுக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும், இரவுப் பார்வைக்கு மாறும் சத்தம். அதைச் சுற்றி இருக்கும் குட்டி விளக்குகள் மங்கலான சிவப்பில் எரியும். எரிந்த வேகத்தில் மொத்தமும் அணையும். டிவியில் கடைசியாக வந்த படம் அப்படியே உறைந்து நிற்கும். கொஞ்ச நேரத்தில் கேமரா தானாக உயிர் பெறும், டிக், சிவப்பு, மறுபடி அணையும். சில நாள் இரண்டு மூன்று தடவையில் நிலைத்துவிடும். சில நாள் நாங்கள் படுக்கும்வரை கண் திறப்பதும் மூடுவதுமாகவே இருக்கும்.

"புதுசுல எல்லா மெஷினும் இப்படித்தான்" என்று விட்டுவிட்டோம்.

மருமகள்தான் முதலில் கவனித்தாள். வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தவள் கரண்டியோடு வெளியே வந்தாள்.

"சித்தப்பா, இங்க வாங்களேன்." அவளுக்கு நான் சித்தப்பா முறை. "படம் நிக்கிறதுக்கு முன்னாடி மாமா மட்டும் உட்கார்ந்திருந்தாரு. அந்த இன்னொரு நாற்காலி சுவரோரமா கிடந்தது. இப்ப பாருங்க."

படம் உயிர் பெற்றிருந்தது. இரண்டு நாற்காலிகளும் எதிரெதிரே கிடந்தன. அத்தான் கைகளை மடியில் வைத்து, திட்டு வாங்கிய பிள்ளைபோல உட்கார்ந்திருந்தார்.

"அவரே இழுத்துப் போட்டிருப்பாரும்மா."

"போட்டிருப்பாரு. நேத்தும் அப்படித்தான். முந்தாநாளும். படம் ஓடுறப்ப ஒரு தடவைகூட எழுந்திரிக்கலை. நிக்கிறப்ப மட்டும் எப்படி?"

மறுநாள் நான் கேட்டுக்குப் போய் அவர் பக்கத்தில் ஒரு பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன். பனி இறங்கிக்கொண்டிருந்தது. தொட்டிகளிலிருந்து சோடா உப்பு வாசனை. பின்னால் அடுக்கடுக்காகப் பாட்டில்கள். வெளிச்சம் குறையக் குறைய நிறங்கள் போய் எல்லாம் ஒரே கறுப்பானது.

டிக்.

தூணின் மேல் சிவப்பு எரிந்தது. அதே கணம் முற்றம் முழுவதும் விழித்துக்கொண்டது. ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு சிவப்புப் புள்ளி. எத்தனை பாட்டிலோ அத்தனை கண்.

"பேசாத" என்றார் அத்தான். "பாக்குது."

அணைந்தது. எல்லாக் கண்களும் ஒன்றாக மூடிக்கொண்டன. அத்தான் இருபது வயது குறைந்தவர்போல எழுந்தார். சுவரோர நாற்காலியை இழுத்துப் போட்டார். கேட்டருகே போய்க் காதை வைத்துக் கேட்டார். காற்று விழுந்திருந்தது, பாட்டில்கள் ஊதவில்லை. ஆனால் சந்தில் எங்கோ கண்ணாடி கண்ணாடியோடு உரசியது. மெல்லிய சத்தம். எங்கள் அடுக்கிலிருந்தே வந்திருக்கலாம்.

"இன்னிக்கு வெள்ளைதான் அதிகம்" என்றார் அத்தான். கொண்டியைத் தூக்கினார்.

கேட் கொஞ்சம் திறந்தது. ஈரக்காற்று என் கணுக்காலைத் தொட்டுக்கொண்டு உள்ளே போனது. அவர் கேட்டைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து பேசத் தொடங்கினார். தொட்டியில் பாசி பிடித்ததை, மகன் வாங்கிய வேனின் சத்தத்தை, மருமகளின் கோபத்தை. நடுநடுவே நிறுத்தி, தலையாட்டி, "அதுவும் சரிதான்" என்றார். ஒரு தடவை என்னைக் கைகாட்டி, "இவன் இன்னும் இளைச்சிட்டான்ல?" என்றார். பதில் கேட்கும் அளவுக்கு இடைவெளி விட்டார். பிறகு சிரித்தார்.

டிக். சிவப்பு. அத்தனை பாட்டிலிலும் கண்.

"போயிட்டா" என்றார் அத்தான். "அது முழிச்சா இருக்க மாட்டா. கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்னுடுவா. கண்ணு மூடுறப்பதான் வருவா. உங்கக்காவை உனக்குத் தெரியாதா மாப்ள?"

எழுந்திருக்கும்போது நாற்காலியில் கை வைத்தேன். என் சட்டை, தலைமுடி, கவிழ்த்த பெட்டி எல்லாம் பனியில் நனைந்திருந்தன. அந்த நாற்காலியின் இருக்கை மட்டும் காய்ந்திருந்தது. இழுத்துப் போடும்போது அவர் துண்டால் துடைத்திருக்கலாம். இருட்டில் நான் கவனித்திருக்க மாட்டேன்.

அவர் கேட்டைத் திறந்ததைக் கீழே சொன்னேன், நாற்காலி காய்ந்திருந்ததை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அதற்கடுத்த வாரம் படம் உறைந்து மீண்டபோது இரண்டு நாற்காலிகளும் காலியாக இருந்தன, கேட் திறந்து கிடந்தது. அக்கா மகன் ஓடினான். சந்தின் முக்கால் தூரத்தில், லாரி வெளிச்சம் காலில் விழுகிற இடத்தில் அவரைப் பிடித்தான். இன்றைக்கு அவள் சீக்கிரம் கிளம்பிவிட்டாளாம், வழியனுப்பப் போனாராம்.

மறுநாளே கேமராக்காரர் வந்தார். கேட்டுத் தூணில் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"தப்பு என்னுதுதான். வீட்டுல பன்னெண்டு கொடுக்கிறோம். ஒயர் மெல்லிசு, தூரம் ஜாஸ்தி. வழியிலயே பாதி தின்னுடுது. பகல்ல கேமராவுக்குப் பசி கம்மி, கிடைச்சதை வச்சு ஓட்டிடுது. இருட்டினா விளக்கு போடுதுல்ல, அப்ப பசி கூடுது. தின்னக் கிடைக்கலை, மயக்கம் போட்டு விழுது. எந்திரிக்குது, விளக்கைப் போடுது, திரும்ப விழுது."

"சரி பண்ண முடியுமா?"

"இருபத்துநாலா அனுப்பிட்டு, கேமராகிட்ட ஒரு சின்னப் பெட்டி வச்சுப் பன்னெண்டா குறைச்சுக்கலாம். வழியில தின்னாலும் மிச்சம் இருக்கும். அதுக்கப்புறம் கண்ணே சிமிட்டாது."

"கொஞ்ச நாள் போகட்டுமே" என்றேன். "அந்த நேரம் நான் கூட உட்கார்ந்துக்கிறேன்."

மருமகள் என்னைப் பார்த்தாள். "நீங்க பக்கத்துல உட்கார்ந்திருந்த அன்னிக்கும் கேட்டைத் திறந்தாருல்ல சித்தப்பா? படம் நின்னு போனா நான் இங்கருந்து என்னத்தைப் பாக்கிறது? லாரி நம்ம படம் வர்ற வரைக்கும் காத்துக்கிட்டிருக்குமா?"

அவள் சொன்னதில் பிழை திருத்த ஒன்றுமில்லை. கேமராக்காரர் சின்னப் பெட்டியைப் பொருத்தினார்.

அன்று மாலை டிக் என்றது, சிவப்பு எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது. டிவியில் படம் அசையாமல் தெளிவாக இருந்தது. மருமகள் பல நாள் கழித்து நிம்மதியாகப் பாத்திரம் தேய்த்தாள். அத்தான் நாற்காலியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கண் மூடட்டும் என்று காத்திருந்தார். கடைசியில் மகன் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தான்.

"தூங்கவே மாட்டேங்குது மாப்ள" என்றார் என்னிடம். "அவ அந்தப் பக்கமே நிக்கிறா. கால் வலிக்காது?"

அதிலிருந்து அவர் கஞ்சியைக்கூடப் பாதியில் வைத்தார். கீறல் பாட்டில்கள் அவர் கையைத் தாண்டி நல்லவற்றோடு போய்ச் சேர்ந்தன. வெளியே போகவே இல்லை. கேட்டைத் தொடவும் இல்லை. நாங்கள் வேண்டியது அதுதானே. மாலைகளில் போய் உட்கார்ந்து, அந்தச் சிவப்பைப் பார்த்து, திரும்பி வந்தார். ஒருநாள் மருமகள் முட்டையும் ரொட்டியும் வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து, "சாப்பிட்டாத்தான் நானும் சாப்பிடுவேன்" என்றாள். "நீ நல்ல பொண்ணு. ஆனா உன் கேமரா பொல்லாதது" என்றார்.

அந்தக் கடைசி மாலை காற்று பலமாக இருந்தது. கிடங்கு முழுக் குரலில் ஊதிக்கொண்டிருந்தது. நான் சமையல்கட்டில் டீக்காக உட்கார்ந்திருந்தேன். மகன் வேனை நிறுத்திவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தான். மருமகள் டிவியைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இந்தாங்க, மறுபடியும் நின்னுடுச்சு உங்க படம்."

அத்தான் எங்களைப் பார்த்த வாக்கில் உட்கார்ந்திருந்தார். கை முழங்காலில். முகத்தில் சிரிப்பு முடிந்தும் முடியாத ஒரு நிலை. எதிரே இன்னொரு நாற்காலி. எதுவும் அசையவில்லை.

"எவ்வளவு நேரமா?"

"யாருக்குத் தெரியும்? மாவு பிசைய ஆரம்பிக்கிறப்ப பேசிக்கிட்டிருந்தாரு. நிமிந்து பாத்தா இப்படி நிக்குது."

மகன் சுவரில் இருந்த அடாப்டரைப் பிடுங்கப் போனான். என்ன நினைத்தானோ, முதலில் கேமராக்காரருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

"அண்ணே, படம் திரும்ப நின்னுபோச்சு."

"நிக்கக் கூடாதே. இருபத்துநாலு போகுதே." பின்னால் அவர் வீட்டில் குழந்தை அழுதது. "சரி, பிடுங்காதீங்க. படத்துல மேல, வலது மூலையில டைம் ஓடும் பாருங்க. நொடி மாறுதா?"

நாங்கள் மூவரும் பார்த்தோம்.

"மாறுது" என்றான் மகன்.

"நல்லாப் பாருங்க. மாறுதா?"

"மாறுதுண்ணே. ஓடிக்கிட்டேயிருக்கு."

"அப்ப படம் நிக்கலையே" என்றார் கேமராக்காரர். "எல்லாம் சரியாத்தான் இருக்கு."

ஒரு விட்டில்பூச்சி டிவியின் குறுக்கே வெள்ளையாகப் பறந்து வந்து அத்தானின் நெற்றியில் உட்கார்ந்தது. அவர் தட்டிவிடவில்லை.

மருமகள்தான் முதலில் ஓடினாள், மாவுக் கையோடு. நானும் மகனும் பின்னால். முற்றம் அன்றைக்கு அவ்வளவு நீளமாக இருந்தது. இரண்டு பக்கமும் சிவப்புப் புள்ளிகள். நாங்கள் கேட்டை அடைந்தபோது காற்று நின்றது, எல்லாப் பாட்டில்களும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டன. அத்தானின் கை இன்னும் கொஞ்சம் சூடாக இருந்தது. கேட் சாத்தியிருந்தது. ஆனால் கொண்டி போடவில்லை.

காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு மகன் அந்த மாலையின் பதிவைப் போட்டான். நானும் மருமகளும் பக்கத்தில் நின்றோம். அந்தக் கேமராவில் சத்தம் பதியாது.

அத்தான் வந்து உட்காருகிறார். அண்ணாந்து பார்க்கிறார். நெடுநேரம், கணக்குப் போடுகிறவர்போல. பிறகு எழுந்து எதிர் நாற்காலியை எடுக்கிறார். வைத்த இடத்தில் வைக்காமல், கேமராவுக்கு முதுகு காட்டுகிற மாதிரித் திருப்பிப் போடுகிறார். தான் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்து பார்க்கிறார். திருப்தியில்லை. எழுந்து வந்து இன்னும் கொஞ்சம் திருப்புகிறார். துண்டால் இருக்கையைத் துடைக்கிறார். கேட்டுக்குப் போய்க் கொண்டியைத் தூக்கித் திறந்து, ஓர் ஆள் நுழையும் நேரம் பிடித்துக்கொண்டு நின்று, சாத்துகிறார்.

வந்து உட்காருகிறார். பேசுகிறார், நிறுத்துகிறார், கேட்கிறார், தலையாட்டுகிறார்.

"நாற்காலியைப் பாக்கலை" என்றான் மகன். "கொஞ்சம் மேல பாக்கிறாரு. பாருங்க மாமா. அம்மா உட்கார்ந்தா முகம் வர்ற உயரம்."

அத்தான் சிரித்தார். பிறகு அசையவில்லை. மூலையில் நொடிகள் போய்க்கொண்டிருந்தன. மகன் அதை நிறுத்தினான்.

மறுநாள் காலை முற்றத்தைப் பெருக்கப் போனேன். வேலை மறுபடி தொடங்கவேண்டும், வண்டி வரும். அத்தானின் நாற்காலியை எடுத்துச் சுவரோரம் வைத்தேன். மற்றதை நகர்த்தக் கை வைத்தபோது தொட்டியோரமிருந்து மருமகள் கூப்பிட்டாள். கையில் பிரஷ், முழங்கை வரை நுரை.

"அதை எடுக்காதீங்க சித்தப்பா."

"வழியில கிடக்கேம்மா."

"கிடக்கட்டும். மாமாவோடதையும் இருந்த இடத்துலயே போடுங்க." பாட்டிலைத் தண்ணீரில் முக்கினாள். "அத்தையோடதைக் கேமரா பக்கமா திருப்பிடாதீங்க, அப்படியே இருக்கட்டும். அத்தைக்குக் கூச்சம்."